கிண்டியா, நன்மங்கலமா? திருவொற்றியூரிலிருந்து காடு பார்க்கக் கிளம்பினால்

வடசென்னையில் இருக்கிற நமக்குப் பழைய காடு பார்க்க வேண்டுமென்றால் தெற்கேதான் போக வேண்டும். மாதவரம் பூங்கா பக்கத்தில்தான், ஆனால் அது நட்டு வளர்த்தது. பழவேற்காட்டுக்குப் பெயரில் காடு இருக்கிறது, போனால் ஏரியும் பறவைகளும்தான். "மரத்துக்கு அடியில கொஞ்ச நேரம் உட்காரணும்டா" என்று அம்மா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் கிண்டியா, நன்மங்கலமா என்று வந்து நின்றது. கிண்டிக்குப் போனோம்.

நன்மங்கலத்தைக் குறைவாகச் சொல்லமாட்டேன். பழைய கல்குவாரிப் பாறை இடுக்கில் கொம்பன் ஆந்தை உட்கார்ந்திருந்ததைப் பார்த்த நிமிடம் இன்னும் மனதில் இருக்கிறது. ஆனால் அது காப்புக்காடு, அனுமதி வாங்கித்தான் உள்ளே போக வேண்டும். பெரும்பாலும் புதர், நிழல் குறைவு. நான் போனதும் ஒரே ஒரு முறை, பறவை பார்க்கும் நண்பர்களோடு ஒரு தை மாதக் காலையில். மழைக்குப் பிறகு அந்த இடம் வேறு மாதிரி இருக்கலாம், அதை நான் பார்த்ததில்லை.

எனக்கு முடிவைச் சொன்னது வழிதான். அம்மாவுக்கு முழங்கால் வலி. முன்பெல்லாம் கிண்டி என்றாலே பிராட்வேயில் இறங்கி வேறு பேருந்து மாற வேண்டும், அந்தக் கூட்டத்தில் அவரை ஏற்றி இறக்குவதற்குள் பாதி நாள் போய்விடும். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. லிப்டில் ஏறி, திருவொற்றியூரில் உட்கார்ந்தால் சின்னமலையில்தான் எழுந்திருக்க வேண்டும், நடுவில் மாறவே வேண்டாம், அங்கிருந்து ஒரு ஆட்டோ. நன்மங்கலத்துக்கு இதே ரயிலில் வந்த பிறகும் மேடவாக்கம் பக்கம் பேருந்து பிடிக்க வேண்டும், அப்புறம் நடக்க வேண்டும், திரும்பும்போது உச்சி வெயிலில் அதையே மறுபடி செய்ய வேண்டும். தனியாளாக, காலில் தெம்போடு போகிறவர்களுக்குச் சரி. வயதானவர்களோடு போகிறவர்கள் போகும் வழியை விட வரும் வழியைத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

கிண்டியிலும் ஒரு குறை உண்டு. ஆளுநர் மாளிகை வளாகத்திலிருந்து பிரித்து 1978-ல் தேசியப் பூங்கா ஆக்கிய அந்த 2.7 சதுர கிலோமீட்டர் காட்டுக்குள் நம் விருப்பத்துக்கு நுழைய முடியாது. நமக்குக் கிடைப்பது அதன் ஓரத்தில் இருக்கும் சிறுவர் பூங்கா. ஓரமே போதும் என்றுதான் தோன்றியது. சோழமண்டலக் கரை நெடுக ஒரு காலத்தில் இருந்த உலர் பசுமைமாறாக் காட்டின், அதாவது வறண்ட இடத்திலும் ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்கும் காட்டின், மிச்சம் இது. உயரம் அதிகமில்லை, ஆனால் களாவும் குருந்தும் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு புள்ளிமான் காதை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றது. கீழே விழுந்திருந்த குருந்து இலை ஒன்றைக் கசக்கி அம்மா மூக்கருகே நீட்டினேன், எலுமிச்சை வாசம். "எங்க ஊர் ஏரிக்கரையில இருந்துச்சு இது" என்றார். அதன் பிறகு ஒரு மணி நேரம் அந்த பெஞ்சை விட்டு அவர் எழுந்திருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை விடுமுறை, அன்று கிளம்பிவிடாதீர்கள். ஞாயிறு மாலை கூட்டம் தாங்காது, வார நாளில் காலையில் திறந்ததுமே போய்விடுங்கள்.