மியூஸ்கோர் ஸ்டுடியோ 4: திருத்தித் திருத்தி எழுதும் இசையமைப்பாளருக்கு ஒரு துணை

மெட்டு ஒன்று மனத்தில் தோன்றுவது இசையமைப்பின் தொடக்கம் மட்டுமே. தோன்றியதை எழுதிப் பார்த்து, இரண்டாம் வரியின் முடிவு பிடிக்காமல் அதை மாற்றி, மாற்றியதற்கு ஏற்ப முதல் வரியையும் மீண்டும் தொட்டு, ஒரு வாத்தியத்துக்கு எழுதியதை இன்னொன்றுக்குக் கொடுத்துப் பார்க்கும் உழைப்புதான் அதில் பெரும்பகுதி. பீத்தோவனின் வரைவு நோட்டுகள் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. ஒரே மெட்டை அவர் எத்தனை விதமாக எழுதி, அடித்து, மறுபடியும் எழுதினார் என்பதற்கு அவற்றின் பக்கங்களே சான்று. இளையராஜாவைப் போல வாத்தியத்தைத் தொடாமலே முழு ஸ்கோரையும் (எல்லா வாத்தியங்களுக்குமான இசைக்குறிப்பையும்) தாளில் எழுதிவிடக் கூடியவர்கள் மிகச் சிலர். மற்றவர்களுக்கு, எழுதியதை அச்சமின்றி மாற்றிப் பார்க்க ஓர் இடம் வேண்டும். இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளை நான் மதிப்பிடுவது இந்த ஒன்றை வைத்துத்தான். மியூஸ்கோர் ஸ்டுடியோ 4 அந்த இடத்தைத் தாராளமாகத் தருகிறது. அதுவும் ஒரு ரூபாய் வாங்காமல்.

வெர்னர் ஷ்வீர் என்ற ஜெர்மானிய நிரலாளர் 2002இல் தொடங்கிய பணி இது. நான்காம் பதிப்பு 2022 டிசம்பரில் வெளிவந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். முந்தைய பதிப்புகளைப் பயன்படுத்திச் சலித்துப்போய் விட்டவர்கள் தயங்காமல் மீண்டும் வரலாம்: பக்கத்தின் தோற்றமும் ஒலிக்கும் தரமும் இதில் வெகுவாக மேம்பட்டிருக்கின்றன.

எழுதும் முறை எளிது. 'N' விசையை அழுத்தினால் நோட் எழுதும் நிலைக்கு வருகிறோம். 5 என்றால் ஒரு முழு எண்ணிக்கை, 4 என்றால் அதில் பாதி, 6 என்றால் இரட்டிப்பு. அதன்பின் ஏ முதல் ஜி வரையிலான எழுத்துகளே ஸ்வரங்கள். 0 நிசப்தம். ஆர் விசை முன்பு எழுதியதை அப்படியே மறுபடி எழுதும். மேல், கீழ் அம்புக்குறிகள் ஸ்வரத்தை அரைத்தொனி அளவில், அதாவது ஒவ்வொரு ஸ்வரஸ்தானமாக நகர்த்தும். கண்ட்ரோல் விசையுடன் அழுத்தினால் ஒரு ஸ்தாயி தாவும். விரல்கள் பழகிய பிறகு கண் திரையை விட்டு விலகுவதே இல்லை. சிந்தனைக்கும் எழுத்துக்கும் இடையே உள்ள தாமதம் குறையக் குறைய, நினைத்த மெட்டு மறந்துபோகும் முன் திரைக்கு வந்துவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். கல்யாணி ராகத்தின் சாயலில், இரண்டு வயலின், அதைவிடத் தாழ்ந்து ஒலிக்கும் ஒரு வயோலா, அதனினும் தாழ்ந்த ஒரு செல்லோ கொண்ட நால்வர் குழுவுக்கு ஒரு சிறு பகுதி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஷட்ஜத்தை சி என்று கொண்டால், எஃப் ஷார்ப் ஒன்று மட்டுமே உள்ள கீ சிக்னேச்சர் (வரியின் தொடக்கத்தில் இடும் ஸ்வரக் குறி) போதும். வயோலாவிலும் செல்லோவிலும் சி, ஜி இரண்டும் விரல் வைக்காமலே ஒலிக்கும் வெற்றுத் தந்திகளாகவே இருப்பதால், தம்பூராவைப் போன்ற ஸ-ப ஆதாரத்தை அவற்றுக்குக் கொடுத்துவிடலாம். முதல் வயலினில் 'ரி க ம' என்று ஏறி, 'ம த நி' என்று பஞ்சமத்தைத் தாண்டிப் போகும் ஒரு வரியை எழுதுகிறோம். கேட்டால் சற்றுக் கூச்சலாக இருக்கிறது. அந்த வரியை அப்படியே தெரிவு செய்து இரண்டாம் வயலினுக்கு நகலெடுத்து, இரண்டு ஸ்தாயி இறக்குகிறோம். உடனே சில ஸ்வரங்கள் நிறம் மாறுகின்றன: வயலினின் கடைசித் தந்தியான ஜி-க்கும் கீழே அவை போய்விட்டன என்பது எச்சரிக்கை. அதே வரியை வயோலாவில் ஒட்டினால், அது வயோலாவுக்குரிய ஆல்ட்டோ க்ளெஃபில் (எந்தக் கோடு எந்த ஸ்வரம் என்று சொல்லும் குறியில்) தானாகவே வந்து அமர்கிறது. அப்போதுதான், இந்த மெட்டின் இயல்பான குரல் வயலின் அல்ல, வயோலாதான் என்று நமக்குத் தெரியவருகிறது. தாளில் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டுமானால் பக்கம் முழுவதையும் திரும்ப எழுத வேண்டும்; பலர் அதற்குச் சோம்பி முதலில் எழுதியதையே வைத்துக்கொள்வார்கள்.

இந்த வசதிக்கு ஒரு விலையும் உண்டு. தாளில் அடித்துவிட்ட வரி கண்ணுக்குத் தெரியும். திரையில் அழித்தது சுவடில்லாமல் போய்விடும். கோப்பை மூடியவுடன், முந்தைய நிலைக்குத் திரும்பும் வழியும் மூடிவிடுகிறது. ஆகவே ஒரு பெரிய மாற்றத்தைச் செய்வதற்கு முன் வேறு பெயரில் ஒரு நகலைச் சேமித்து வைப்பது அவசியம். மூன்று வாரம் கழித்து, தள்ளிவிட்ட வரியே சிறந்தது என்று தோன்றுவது இசையமைப்பில் அடிக்கடி நிகழ்கிற ஒன்று.

மியூஸ் சவுண்ட்ஸ் என்ற ஒலித்தொகுப்பைத் தனியாக, அதையும் இலவசமாகவே, இறக்கிக்கொள்ளலாம். எழுதிய நால்வர் குழு அதில் கிட்டத்தட்ட உண்மையான வயலின்கள் போலவே ஒலிக்கிறது. ஆனால் இதில்தான் நான் புதியவர்களை எச்சரிக்க விரும்புகிறேன். கணினியின் புல்லாங்குழல்காரருக்கு மூச்சு வாங்க வேண்டியதில்லை. நிஜக் குழலின் கீழ் ஸ்தாயி மெலிந்தது, பின்னால் டிரம்பெட் வந்தால் காணாமல் போய்விடும் என்பதும் மிக்ஸரில் ஒலியளவைக் கூட்டி வைத்தவருக்குத் தெரியாது. கேட்க நன்றாக இருக்கிறது என்பதற்காகவே அரைகுறை வரிகளை ஏற்றுக்கொள்ளும் பழக்கம் சுலபமாக வந்துவிடும். திருத்தும்போது நோட்டை ஒலிக்கச் செய்யும் அமைப்பை அணைத்துவிட்டு, மனத்தில் கேட்டு எழுதி, ஒரு பத்தி முடிந்த பிறகே ஓடவிட்டுக் கேட்பது நல்லது. அப்படிக் கேட்கும்போது காது நடுநிலையோடு தீர்ப்புச் சொல்கிறது.

நம் இசைக்கு இது எந்த அளவுக்குப் பொருந்தும் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. கல்யாணியின் காந்தாரமும் மத்திமமும் அசைவில்தான் உயிர் பெறுகின்றன. ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கும் கோடு இந்த மென்பொருளில் உண்டு, ஒரு நோட்டின் சுருதியைச் சிறிதளவு ஏற்றி இறக்கவும் முடியும். ஆனால் கம்பிதம் என்னும் ஸ்வர அசைவை எழுதவும் வழியில்லை, எழுதினால் வாசிக்கவும் அதற்குத் தெரியாது. இந்தக் குறை ஐந்து கோடுகளில் எழுதும் மேற்கத்திய ஸ்டாஃப் நொட்டேஷனுக்கே உரியது என்பதால் மென்பொருளை மட்டும் நொந்து பயனில்லை. கர்நாடக முறையில் வாசிப்பவருக்குப் பாடிக் காட்டி, அவர் தம் ஸ்வரக் குறிப்பை எழுதிக்கொள்வதே இன்றும் சரியான வழி. ஆயினும் பாடல் வரிக்கான வசதி நமக்கு நன்றாகவே உதவுகிறது. நோட்டின் கீழ்த் தமிழில் தட்டச்சு செய்யலாம். அசையைப் பிரிக்கச் சிறு கோடு, அடுத்த சொல்லுக்கு இடைவெளி, ஓர் எழுத்தைப் பல ஸ்வரங்களுக்கு நீட்ட அடிக்கோடு. அதே இடத்தில் 'ஸ ரி க ம' என்று எழுதி வைத்தால், ஸ்டாஃப் படிக்கத் தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரே தாளைப் பார்த்து வாசிக்க முடியும். எழுத்துருவை மட்டும் நல்ல தமிழ் எழுத்துருவாக மாற்றிக்கொள்ளுங்கள்.

நீண்ட காலம் எழுதப் போகிறவர்கள் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பலர் நம்பியிருந்த ஃபினாலே என்ற இசைக்குறிப்பு மென்பொருளின் வளர்ச்சியை 2024 ஆகஸ்ட்டில் அதன் நிறுவனம் நிறுத்திவிட்டது. வாழ்நாள் முழுவதும் எழுதியவற்றை வேறொரு வடிவத்துக்கு மாற்றும் வேலை பலர் தலையில் விழுந்தது. மியூஸ்கோரின் மூலநிரல், யாரும் பயன்படுத்தி மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தில் திறந்தே இருக்கிறது. அதன் கோப்புக்குள் இருப்பதும் யாரும் படிக்கக்கூடிய எக்ஸ்எம்எல் உரைதான். நடத்துகிறவர்கள் கைவிட்டாலும் வேறு எவரும் அதை எடுத்து நடத்தலாம். இருந்தாலும் முடித்த படைப்பு ஒவ்வொன்றையும் வேறு இசை மென்பொருள்களும் திறக்கக்கூடிய மியூசிக்எக்ஸ்எம்எல் வடிவிலும் பிடிஎஃப் வடிவிலும் சேர்த்து வைப்பதை நான் வற்புறுத்துவேன்.

இதே பெயரில் இயங்கும் இணையதளம் வேறு, மென்பொருள் வேறு என்பதையும் கவனிக்க வேண்டும். பிறர் எழுதிய இசைத்தாள்களை அந்தத் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளப் பெரும்பாலும் சந்தா கேட்கும். மென்பொருளுக்கு அப்படி எதுவும் இல்லை. பெரிய ஆர்கெஸ்ட்ரா ஸ்கோர்களையும் பல பகுதிகள் கொண்ட நாடக இசையையும் தொழிலாக எழுதுகிறவர்களுக்கு டோரிகோ என்ற கட்டண மென்பொருளின் ஒழுங்கு கொடுக்கும் பணத்துக்குத் தகும். மெட்டமைக்கக் கற்பவர்களும், பள்ளிக் குழுவுக்கோ தேவாலயப் பாடகர் குழுவுக்கோ எழுதுகிறவர்களும் மியூஸ்கோரையே எடுத்துக்கொள்ளலாம். பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் பல ஜிபி அளவுள்ள மியூஸ் சவுண்ட்ஸை முதலிலேயே இறக்க வேண்டாம். மென்பொருளோடு வரும் அடிப்படை ஒலியே எழுதிப் பழகப் போதுமானது.