பங்களா ஹூவரும் மாமா வீட்டு யூரோகிளீனும்

வண்டிப்பெரியாறில் நான் சிறுவனாக இருந்தபோது வாக்குவம் கிளீனரை இரண்டே வீடுகளில் பார்த்தேன். அம்மா வேலை செய்த எஸ்டேட் பங்களாவில் நிமிர்ந்து நிற்கும் பழைய ஹூவர். குமுளி மாமா வீட்டில் யூரோகிளீன், டை கட்டிய அண்ணன் ஒருவர் வாசலுக்கே வந்து விற்றது. 1982இல் சுவீடன் நிறுவனமான எலக்ட்ரோலக்ஸ் கூட்டோடு தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனம் யூரோகிளீனை அப்படித்தான் வீடுவீடாக விற்றது.

ஹூவரின் அழகே அந்தப் பைதான். சுவிட்சைப் போட்டதும் துவண்டு கிடந்த துணிப்பை மெல்ல உப்பி எழும்பும், முன்னால் சின்ன விளக்கு எரியும். மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு நிற்பேன். அடியில் சுழலும் உருளை கம்பளத்தைத் தட்டித் தட்டி, ஆழத்தில் கிடக்கும் மண்ணைக் கிளப்பும், உறிஞ்சுவது அப்புறம்தான். ஹூவர் நிறுவனம் இந்த முறையை 1926இல் கொண்டுவந்தது. கம்பளத்துக்கு இதைவிடச் சரியான வழி இல்லை என்பேன்.

ஆனால் எங்கள் வீடுகளில் ஏது கம்பளம்? காவித் தரை, கட்டிலடி, ஒட்டடை. அங்கே யூரோகிளீனின் நீளக் குழாய்தான் கை கொடுக்கும். குழாயைப் பின்பக்கம் மாட்டினால் காற்று ஊதும். ஆயுத பூசைக்கு முந்தைய நாள் மாமா தையல் மிஷினின் இடுக்குகளை அதால்தான் சுத்தம் செய்வார். ஈரத் தரையில் மட்டும் கூடாது, அதனால் மழைக்காலத்தில் அது பெட்டிக்குள்.

வீட்டுக்கு வாங்கச் சொன்னால் யூரோகிளீன் வகையைத்தான் சொல்வேன். ஆசை மட்டும் இன்னும் ஹூவர்மேல்தான். அந்தப் பை உப்புவதை இன்னொரு முறை பார்க்க வேண்டும்.