மூன்று வருஷமாக எட்டு பிட்டில் பாட்டு போடுகிறேன்

மஞ்சள் கேசட்டை ஊதி ஊதிச் செருகி வீட்டு டிவியில் விளையாடியவர்களுக்கு அந்தச் சத்தம் காதிலேயே இருக்கும். எனக்கு அது போகவே இல்லை, அதனால்தான் மூன்று வருஷமாக மேஜிக்கல் 8பிட் பிளக் வைத்து வேலை செய்கிறேன். பழைய கேம் சிப் சத்தத்தில் இசை போடும் ஒய்எம்சிகே என்ற ஜப்பானிய சிப்டியூன் குழு இலவசமாகக் கொடுக்கும் பிளகின், அதாவது இசை மென்பொருளுக்குள் சேர்த்து ஓட்டும் சின்ன மென்பொருள். ரிச்சி தெருவில் வாங்கிய பழைய லேப்டாப்பில் ரீப்பர் என்ற இசைப்பதிவு மென்பொருளோடு ஓடுகிறது, இதுவரை திணறியதில்லை.

முதல் ஆறு மாதம் தப்பாகவே பயன்படுத்தினேன். ஒரே டிராக்கில் நாலு சுரம் சேர்த்து கார்டு, அதன் மேல் ரிவர்ப், டிலே என்ற எதிரொலி எஃபெக்ட் எல்லாம் போட்டால் ஏதோ மலிவு கீபோர்டு மாதிரிதான் கேட்டது. 1983இல் வந்த ஃபேமிகாம் என்ற நின்டெண்டோ கேம் பெட்டியின் சிப்பில் இருந்ததே இரண்டு பல்ஸ் (செவ்வக அலை), ஒரு ட்ரையாங்கிள் (முக்கோண அலை), ஒரு நாய்ஸ் (இரைச்சல்), பதிவு செய்த ஒலித்துண்டான சாம்பிளுக்கு ஒரு சானல், அவ்வளவுதான். பல்ஸானாலும் ட்ரையாங்கிளானாலும் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் பேசும். பாலியை, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களின் எண்ணிக்கையை, ஒன்றுக்குக் குறைத்து, ரிவர்பைத் தூக்கிய அன்றைக்குத்தான் அந்தப் பழைய சத்தம் வந்தது.

அப்புறம் கார்டுக்கு என்ன வழி? ச, க, ப மூன்றையும் வினாடிக்கு 60 சுரம் என்ற வேகத்தில் மாற்றி மாற்றி ஓட விட வேண்டும். டெம்போ 150 என்றால் ஒரு பதினாறாம் நோட் 0.1 வினாடி, அதற்குள் மூன்று சுரமும் இரண்டு சுற்று வந்துவிடும். காது அதைக் கார்டாகவே எடுத்துக்கொள்கிறது, கூடவே ஒரு நடுக்கம் சேர்கிறது பாருங்கள், அதுதான் ருசி.

ட்ரையாங்கிளுக்கு அசல் சிப்பில் வால்யூமே கிடையாது, ஒலிக்கும் அல்லது நிற்கும். அதனால் அதில் வெலாசிட்டியை (சுரத்தை அடிக்கும் அழுத்தத்தை) தொடுவதில்லை. ஆனால் ஆட்டோ பெண்டை வைத்துச் சுருதியைக் கீழிருந்து சட்டென்று மேலே இழுத்தால் மிருதங்கத் தொப்பியின் (இடப் பக்கத்தின்) கும்கி என்ற வழுக்கும் ஒலி போலவே வருகிறது! இதைக் கண்டுபிடித்த ராத்திரி நான் தூங்கவில்லை.

சுரத்தை அசைத்துப் பாடும் கமகம்தான் கஷ்டம். வைப்ரேட்டோ மேலும் கீழும் ஒரே அளவாக ஆட்டுகிறது, தோடி ராகத்தின் காந்தாரத்துக்கு அது ஒத்தே வராது. பிட்ச் பெண்டைக் கையால் வரைகிறேன், நாலு ஆவர்த்தனத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போகும். பல்ஸ் அலை ஒரு சுற்றில் மேலே நிற்கும் பங்கை 12.5 சதவீதமாக வைத்தால் மூக்கால் பாடுவது போல மெலிதாக இருக்கும், 50 உருண்டையாக, கிளாரினெட் சாயலில் வரும்; கமகத்துக்கு எனக்கு 25 பிடித்திருக்கிறது.

காசு கொடுத்து வாங்கிய வேறொரு பிளகின் அப்டேட்டுக்குப் பிறகு திறக்காமல் போய் மூன்று பாட்டு நின்றுவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி வேவ் ஃபைலாக எடுத்து வைக்கிறேன், நீங்களும் எடுத்து வையுங்கள்.

முடித்த பாட்டைத் தாம்பரம் போகும் மின்சார ரயிலில் ஹெட்போனில் கேட்பேன். வண்டிச் சத்தத்தில் பல்ஸ் தப்பித்துவிடும், ட்ரையாங்கிள் பேஸ் மட்டும் காணாமல் போகும். வீட்டுக்கு வந்ததும் அதை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றி வைத்தால் சரியாகிவிடும்.