இரண்டு நகர்வு மேட்டா, எண்ட்கேம் ஸ்டடியா?

செஸ்ஸில் இரண்டு நகர்வில் மேட், அதாவது எதிரி ராஜாவைத் தப்ப வழியில்லாமல் மடக்குவது, என்ற புதிரில் பெரும்பாலும் வெள்ளைக்குப் பலம் கொட்டிக் கிடக்கும். யார் ஜெயிப்பார் என்பது கேள்வியே இல்லை. சரியான முதல் நகர்வு ஒன்றுதான் இருக்க வேண்டும். இன்னொன்று அகப்பட்டால் அமைத்தவரின் உழைப்பு வீண். எண்ட்கேம் ஸ்டடி என்பது ஆட்டத்தின் கடைசிக் கட்ட நிலையில் ஜெயிக்கவோ டிரா செய்யவோ வழி தேடும் புதிர். அதிலும் அந்தக் கண்டிப்பு உண்டு, ஆனால் நகர்வுக் கணக்கு கிடையாது.

செஸ் வீரர் ரிச்சர்ட் ரெட்டி 1921-இல் அமைத்த ஸ்டடியைப் பாருங்கள். வெள்ளை ராஜா எச்8 கட்டத்தில் (எழுத்து நெடுவரிசை, எண் குறுக்குவரிசை), சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ6, சிப்பாய் எச்5. வெள்ளை நகர்த்தி டிரா செய்ய வேண்டும். கறுப்புச் சிப்பாயை நேராகத் துரத்தினால் எட்டாது. ராஜா ஜி7, எஃப்6 என்று மூலைவாட்டில் இறங்குகிறது. ஒரே நடையில் எதிரிச் சிப்பாயையும் நெருங்குகிறது, தன் சிப்பாய்க்கும் துணை போகிறது. நான்கே காய்கள்! நிஜ ஆட்டத்திலும் வரக்கூடிய நிலை என்பதால் எனக்கு ஸ்டடிதான் ஒரு படி மேல்.