சப்டைட்டில் எடிட்: காசு கேட்காது, நேரம் கேட்கும்

அண்ணியின் சமையல் சேனலுக்கு எடிட்டிங் என் பொறுப்பு, பட்ஜெட் என்று ஒன்றும் கிடையாது. காது கேளாதவர்களும் பார்த்துச் சமைக்கிற மாதிரி சப்டைட்டில் போடுவோம் என்று முடிவானதும் நான் பிடித்துக்கொண்டது சப்டைட்டில் எடிட் என்கிற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை. இலவசம், வாட்டர்மார்க் இல்லை, லாகின்கூடக் கேட்பதில்லை. தோற்றம் பழைய காலத்து விண்டோஸ் மென்பொருள் மாதிரிதான், முதலில் மிரட்டும், அப்புறம் பழகிவிடும்.

ரொம்பப் பிடித்தது கீழே ஓடும் ஒலியின் அலைவடிவம். பேச்சு எங்கே ஆரம்பித்து எங்கே நிற்கிறது என்பது கண்ணுக்கே தெரிவதால், வரியை மவுஸால் இழுத்துச் சரியான இடத்தில் உட்கார வைத்துவிடலாம்.

பேச்சைக் கேட்டுத் தானாக எழுத்தாக்கும் மென்பொருளான, ஓபன்ஏஐ 2022-ல் வெளியிட்ட விஸ்பரையும் இதற்குள்ளேயே இறக்கி ஓட்டலாம். நம் கணினியிலேயே ஓடுவதால் நிமிடத்துக்கு இவ்வளவு என்று யாருக்கும் கட்ட வேண்டாம். ஆனால் தமிழுக்கு அதை நம்பி அப்படியே ஏற்றிவிடாதீர்கள். ல, ள, ழ குழம்பும், நடுவில் வரும் ஆங்கிலச் சொற்கள் கோணலாகும், யாரும் பேசாமல் எண்ணெய் மட்டும் பொரிகிற இடத்தில் முந்தின வரியையே திரும்பத் திரும்ப எழுதி வைக்கும். விஸ்பரின் சின்ன மாடலில் தமிழ் பரிதாபம். பெரிய மாடலோ, நல்ல கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால், முடிப்பதற்குள் நமக்குப் பசித்துவிடும்.

அதனால் நான் விஸ்பரை அதிகம் தொடுவதில்லை. அண்ணி பேசப்போவதை ஷூட்டிங்குக்கு முன்பே எழுதி வாங்கிவிடுகிறேன், அதை இறக்குமதி செய்து நேரத்தை மட்டும் பொருத்தினால் போதும். எழுதி வாங்குவதில் இன்னொரு லாபமும் உண்டு. "இவ்வளவு போடுங்க, இந்த மாதிரி வந்ததும் இறக்கிடுங்க" என்று பேசினால் பார்வையற்றவருக்கு ஒன்றும் விளங்காது; "ஒரு டீஸ்பூன் உப்பு", "பாகைத் தொட்டு இழுத்தால் ஒற்றைக் கம்பி வரணும்" என்று பேச்சிலேயே மாற்றிவிட்டால், படம் முடிந்தபிறகு தனியாக ஒலி விவரணை (திரையில் நடப்பதைக் குரலில் சொல்வது) சேர்க்கும் செலவு பெரும்பாலும் மிச்சம். எந்த மென்பொருளும் இதைச் செய்து தராது.

[குக்கர் விசில்], [தாளிப்புச் சத்தம்] மாதிரி ஓசைகளையும் நாமேதான் எழுத வேண்டும். மூணு விசில் வந்ததும் அடுப்பை அணைக்கச் சொல்கிற வீடியோவில் அந்த விசில் சப்டைட்டிலில் இல்லையென்றால் காது கேளாதவர் எதை எண்ணுவார்?

வரிக்கு 43 எழுத்து என்று முதலிலேயே ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள், தமிழ்ச் சொற்களின் நீளத்துக்கு அது சட்டென்று நிரம்பிவிடும். தானாக வரி உடைக்கவிட்டால் சில சமயம் "எண்ணெய்" மேலேயும் "ஊற்றி" கீழேயும் போய்விடும், கையால் உடைப்பதே நல்லது. சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்கிற எழுத்துக் குறியீட்டு முறை தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் தமிழுக்குப் பதில் வரிசையாகக் கேள்விக்குறிதான் வரும்.

எழுத்தை வீடியோவிலேயே பதித்துவிடாமல் எஸ்ஆர்டி என்கிற சப்டைட்டில் கோப்பாகத் தனியே ஏற்றுங்கள், பார்ப்பவர் தனக்கு வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளலாம். அதோடு, படம் பிடிக்கும்போதே திரையின் அடிப்பகுதியைக் காலியாக விடச் சொல்லிவிடுங்கள், கடாய் அங்கே இருந்தால் சப்டைட்டில் கடாய்க்குள்தான் விழும்.

நேரமும் பொறுமையும் இருக்கிறவர்கள் தாராளமாக இறக்கிக்கொள்ளலாம். தினம் ஒரு வீடியோ போடுகிறவர்களுக்குக் கட்டுப்படியாகாது.