பற்றைக்குள் ஒளித்து நட்ட இராசவள்ளி: நாலு வருட அனுபவம்

"மச்சான், பற்றைக்குள்ள இராசவள்ளிக் கிழங்கு தாட்டியே, சரிவந்ததா?" என்று போன கிழமை நண்பன் கேட்டான். ஒரு சொல்லில் பதில் வரவில்லை.

2021இல் இலங்கையில் இரசாயன உரத்துக்குத் தடை, அடுத்த வருடம் எரிவாயுவுக்கு வரிசை. தட்டுப்பாட்டுக்குக் கிண்டிச் சாப்பிட, யாருக்கும் தெரியாமல் கிழங்கை ஒளித்து நடுவது அந்த வரிசையில் நின்றபோது வந்த யோசனை. வவுனியாப் பக்கம் எங்கள் காணியின் பின்பகுதி பற்றை மண்டிக் கிடந்தது. அதற்கு அப்பால் வனத்திணைக்களத்தின் காடு. அங்கே கை வைக்கவில்லை. நீங்களும் வைக்காதீர்கள். வன்னியில் மிதிவெடி அகற்றாத நிலத்துக்குள் மண்வெட்டியோடு போகவே கூடாது. சித்திரை மழைக்குப் பன்னிரண்டு கிழங்குத் துண்டுகளைச் சாம்பல் தடவி, சருகும் மாட்டெருவும் போட்ட குழிகளில் நட்டேன்.

ஒளிந்திருப்பதில் இதை மிஞ்ச ஆளில்லை. மரவள்ளி தூரத்திலேயே காட்டிக்கொடுக்கும். இராசவள்ளி பாலை மரத்தில் ஏறிவிட்டால் காட்டுக்கொடிதான். தண்டைத் தடவி, நீளத்துக்கு ஓடும் மெல்லிய சிறகு விரலில் பட்டால்தான் தெரியும். மாடு மேய்க்கிறவர்கள் அதன் அடியில் இருந்து வெற்றிலை போட்டுவிட்டுப் போவார்கள். ஒரு வாளி தண்ணீர் ஊற்றியதில்லை. கிண்டாமல் விட்டது அடுத்த மழைக்குத் தானே முளைக்கும்.

என் கோபமெல்லாம் தேடி எடுப்பதில்தான். தை கழிந்ததும் கொடி காய்ந்து உதிர்ந்துவிடும். எங்கே நட்டேன் என்று எனக்கே தெரியாது. ஆவணியில் கொடி பச்சையாக நிற்கும், கீழே கிழங்கு விளைந்திராது. தட்டுப்பாடு மாதம் பார்த்தா வரும்? இந்தப் பங்குனியில் சோதித்துப் பார்த்தேன். மண் கல்லாக இறுகி, அலவாங்கு டங்கென்று திரும்பியது. ஒன்றரை மணித்தியாலம். இரண்டு குழி வெறுங்குழி. மூன்றாவதில் கிழங்கு கிடைத்தது, அதையும் அலவாங்கு பிளந்துவிட்டது. அடையாளக் கற்களை மாடுகள் உருட்டிவிட்டன. சிவப்புத் துணி கட்டினால் ஊருக்கே அறிவித்தது போல. இப்போது ஒவ்வொன்றுக்கும் வடக்கே ஒரு சாண் தள்ளி உடைந்த ஓட்டுத்துண்டு தாட்டு, பாலையடியிலிருந்து எத்தனை அடி என்று எழுதி வைத்திருக்கிறேன்.

பன்றிக்கு அந்தக் கணக்கும் வேண்டாம். ஒரே இரவில் மூன்று குழி போயின. முள்ளுக்கு நடுவில் நட்டவை தப்பின.

தையிலேயே கிண்டி நிழலில் வைத்தால் மாதக்கணக்கில் கிடக்கும்தான். அப்புறம் ஒளிப்பது எதற்கு?

பிளந்த கிழங்கை அம்மா சீவினார். கை கொஞ்சம் அரித்தது. உள்ளே கத்தரிப்பூ நிறம். தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டுக் கஞ்சி வைத்தார். வீட்டில் யாரும் பேசவில்லை, குடித்தோம்.

நண்பனுக்குச் சொன்னேன்: நடாதே. வளவுக்குள் மரவள்ளி வை, பசித்த அன்றே பிடுங்கி அவிக்கலாம். பற்றை இராசவள்ளிக்கு இன்றைக்குப் பத்துக்கு நாலுதான் கொடுப்பேன், முதுகு இன்னும் வலிக்கிறது. அந்தக் கிழங்கின் தலைத்துண்டைச் சாம்பலில் புரட்டி வைத்திருக்கிறேன். சித்திரை மழை விழட்டும்.