காங்கேயம் ரோட்டில் நெய் இல்லாத அரிசிம்பருப்பு

அரிசிம்பருப்புச் சோற்றுக்காக மட்டுமே இந்தக் கடைக்குப் போகலாம், மற்றதெல்லாம் அப்புறம். ஈரோட்டிலிருந்து காங்கேயம் போகிற ரோட்டில் அறச்சலூர் தாண்டி ஒரு தகரக் கொட்டாய், நாலு மேசை, போர்டு கிடையாது. நடத்துகிற அண்ணன் பல வருடம் ஜமாப் என்கிற மேளக் குழுவில் துடும்பு என்கிற தோல் மேளம் அடித்தவர். 2020-ல் கொரோனா வந்து கோயில் நோம்பி, அதாவது திருவிழாவெல்லாம் நின்று போனபோது வீட்டில் கடலைப்பால் எடுத்து விற்க ஆரம்பித்தாராம். இப்போது பால், நெய், முட்டை, கறி எதுவும் சேர்க்காத முழுச் சாப்பாடு, 120 ரூபாய்.

காங்கேயம் மாட்டுக்கும் ஊத்துக்குளி வெண்ணெய்க்கும் பேர் போன சீமையில் நெய் இல்லாமல் அரிசிம்பருப்பா? என் மாமியார் சந்தேகப்பட்டுச் சின்ன டப்பாவில் நெய்யே எடுத்து வந்துவிட்டார். டப்பாவைத் திறக்கவே இல்லை. சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, வரமிளகாய் தாளித்து அரிசியையும் துவரம்பருப்பையும் ஒன்றாக வேகவைத்து, இலையில் போட்டதும் மேலே செக்குக் கடலெண்ணெய் ஊற்றுகிறார், அந்த வாசத்துக்கே பாதி வயிறு நிறைந்துவிடும். கூடவே கடைந்த கொள்ளுப்பருப்பு, பச்சைப்புளி ரசம். யோசித்துப் பார்த்தால் இதிலெல்லாம் பாலும் கறியும் என்றைக்கு இருந்தது? எங்கள் அமுச்சி, அம்மாவைப் பெற்றவர், காட்டு வேலைக்குப் போய் வந்து ஆக்கிப் போட்ட சோறுதான்.

தயிர் கடலைத் தயிர். ராத்திரி ஊறவைத்த நிலக்கடலையை அரைத்து வடிகட்டி, பச்சை வாடை போகிற வரைக்கும் காய்ச்சி, வெதுவெதுப்பு இருக்கும்போது மிளகாய்க் காம்பைப் போட்டு மூடி வைத்துவிடுவார்களாம், அதுவே உறை. கெட்டியாகத்தான் இருக்கிறது, புளிப்பு கொஞ்சம் கம்மி, ஆனால் மோர்மிளகாயோடு சாப்பிட்டால் குறை சொல்லத் தோன்றாது. அட, மோர்மிளகாய்க்கும் இதே தயிரின் மோர்தான்!

வழக்கமாகக் கோழியில் செய்கிற பள்ளிபாளையம் வறுவல் இங்கே இரண்டு விதம். தேங்காய்ச் சில்லும் வரமிளகாயும் தாராளமாய்ப் போட்ட காளான் வறுவல் பிரமாதம். இன்னொன்று சோயா உருண்டையில், அதை வாங்காதீர்கள். மசாலா வெளியே நிற்கிறது, உள்ளே நனைந்த ஸ்பான்ஜ் மாதிரி சப்பென்று இருக்கிறது, கறி மாதிரியே இருக்கும் என்று சொல்லி விற்பதால் ஏமாற்றம் இரண்டு மடங்கு.

நாங்கள் போன அன்று பக்கத்து மேசைக்காரர் ஒருவர் வம்புக்கு இழுத்தார். "ஏனுங்க, தோல் கட்டி அடிச்சுப் பொழச்சவருக்கு இப்ப பால்கூட ஆகாதுங்களா?" அண்ணன் கோபப்படவில்லை. "இப்ப அடிக்கறது ஃபைபருங்க. தோல்னா மழையில தொய்யும், தீயில வாட்டோணும். ஃபைபருக்கு அந்த ரோதனை இல்லீங்க. ஆனா அந்தச் சத்தமும் இல்லீங்க" என்றார். இவ்வளவு நேராகப் பேசுகிற மனிதர் சோயா விஷயத்திலும் அப்படியே சொல்லிவிட்டால் என்ன என்றுதான் எனக்குத் தோன்றியது.

கல்லாவுக்குப் பின்னால் சுவரில் 'த தை தா தை த' என்று ஐந்து வரி எழுதி வைத்திருக்கிறார். ஜமாப் அடி என்று நினைத்துவிடாதீர்கள், அறச்சலூர் மலைக் குகையில் ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கும் பழைய கல்வெட்டில் இருக்கிற தாளச் சொற்கள் அவை, இடமிருந்து வலம் படித்தாலும் மேலிருந்து கீழ் படித்தாலும் ஒன்றாகவே வரும். கேட்டால் கையாலேயே மேசையில் அடித்துக் காட்டுவார், அதற்குள் உங்கள் சோறு ஆறிப் போகும்.

காபி கேட்காதீர்கள், கடலைப்பாலில் போட்டுத் தருவார்கள், எனக்குப் பிடிக்கவில்லை. கருப்பட்டி போட்ட சுக்குக் காபி இருக்கிறது, அது நன்றாக இருக்கிறது. கை கழுவுமிடம் சுத்தம், பார்க்கிங் மரத்தடி. சாப்பாடு மதியம் மட்டும்தான், இரண்டு மணிக்கு மேல் போனால் அரிசிம்பருப்பு தீர்ந்து சோயாதான் மிஞ்சியிருக்கும். பங்குனி, சித்திரையில் போவதானால் போன் போட்டுவிட்டுப் போங்கள், எங்காவது நோம்பிக்குத் துடும்பு அடிக்கக் கூப்பிட்டால் இன்னமும் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்.